உதவிக்கு வந்த அக்கா

"இங்க எத்தன நாளா இருக்கீங்க?" என்று யார் கேட்டாலும் அக்காவிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"இருக்கலம்மா. உதவிக்கு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டுத் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். கேட்டவர்கள் அவரைச் சமையல்காரி என்றோ, கோயில் வழியாக வந்த தொண்டர் என்றோ நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும் என்றுதான் அவர் அப்படிச் சொன்னதே. உண்மையில் மாடி அறையில் என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில் அவருடையது. போக்கிடம் இல்லாத பெண்களுக்காகக் கிள்ளானில் நடத்திய இல்லம் அது. நான் எப்படி அங்கே வந்தேனோ அப்படித்தான் அவரும் வந்தார். நான் அழுதுகொண்டு வந்தேன், அவர் வந்ததும் வெங்காயம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அது ஒன்றுதான் வித்தியாசம்.

என் கதை பெரிய கதையில்லை. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் புருஷன் பூட்டை மாற்றிவிட்டான். என் துணிமணி கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டி அடுக்குமாடியின் காவலாளியிடம் இருந்தது. அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஸ்டோர் அறையில் பழைய சைக்கிள் நிற்கிறது, அதை எங்கே வைப்பது என்று அண்ணி கவலைப்பட்டாள். சைக்கிளுக்கு இருந்த இடம்கூட எனக்கு அந்த வீட்டில் இல்லை.

இல்லம் என்றால் கொமுட்டர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிவீடு. புருஷன்மார்கள் தேடி வந்துவிடக் கூடாது என்பதால் பெயர்ப்பலகை கிடையாது. ஆறு மாதம் இருக்கலாம். அதற்குள் வேலை தேடி, அறை தேடி, சொந்தக் காலில் நிற்க வேண்டும். சொந்தக் கால், சொந்தக் கால் என்று அங்கே வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள், எங்களுக்கு என்னவோ அதுவரை இரவல் கால் இருந்த மாதிரி. வீட்டைப் பார்த்துக்கொண்டவர் பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி. நல்ல மனுஷிகளுக்கு மேலே எப்போதும் ஒரு கமிட்டி இருக்கும், அவருக்கும் இருந்தது.

பிள்ளை பெற்ற வீடுகளில் பத்தியம் பார்ப்பது அக்காவின் தொழில். தாய்க்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது, காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையை அதன்மேல் போட்டுக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, பூண்டுக் குழம்பும் கருவாடும் பக்குவமாகச் சமைத்துப் போடுவது. ஒரு மண்டலத்துக்கு அந்த வீட்டிலேயே தங்கிவிடுவார். முடிந்ததும் அடுத்த வீட்டுக் கார் வாசலில் வந்து நிற்கும். ஒரு காலத்தில் பூச்சோங்கிலிருந்து காப்பார் வரைக்கும் அவருக்கு அப்படி இடைவெளியே இல்லாமல் இருந்திருக்கிறது. அதனால் அவருக்கு வீடு இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே ரொம்ப காலம் தெரியவில்லை.

நடுவில் காலி நாள் விழுந்தால் டெங்கிலில் அண்ணன் வீட்டில் போய் இருப்பார். அண்ணன் பிள்ளைகளை வளர்த்ததே அவர்தான். அண்ணன் இறந்ததும் மகன் அந்த வீட்டை விற்றுவிட்டு கொண்டோ அடுக்குமாடிக்குப் போனான். போகும்போது அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "ஒங்களுக்கு என்னா அத்தே, எங்க போனாலும் வீடுதான்!" அக்கா இதைப் பெருமையாகவே என்னிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஏர்கான் போட்ட பத்திய நிலையங்கள் வந்தன. பிள்ளை பெற்றவள் அங்கேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம், தட்டில் சாப்பாடு வரும், குழந்தையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். அக்காவுக்குக் கார் வருவது குறைந்தது, அப்புறம் நின்றேபோனது. கடைசி வீட்டிலிருந்து பையோடு வெளியே வந்தவருக்கு எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியவில்லை. கோயிலில் உட்கார்ந்திருந்தவரை யாரோ டீச்சரிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மத்தியானம் என் முன்னால் அதைத் திறந்தார். உள்ளே ஒரு எண்ணெய் பாட்டில், மாற்று நைட்டி. மீதி எல்லாம் சேலை. கடைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சேலைகள்.

"இது பூச்சோங் வீடு. பொம்பளப் புள்ள, தல நெறய முடி. இது காப்பார். இது ரெட்டப் புள்ள, பாவம் அந்தப் பொண்ணு, தூக்கமே கெடயாது."

ஒவ்வொன்றையும் தடவித் தடவிச் சொன்னார். பத்தியம் முடிகிற அன்று தாய்க்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்புறம் வீட்டுப் பெரியவர் ஒரு தட்டில் சேலை, வெற்றிலை பாக்கு, பழம் வைத்து அக்காவிடம் கொடுப்பார். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் கிளம்பிவிட வேண்டும். அதற்குமேல் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

"குடிச்சா என்னக்கா ஆகும்?"

"பச்ச ஒடம்புக்காரிக்கு ஆகாதும்மா. உதவிக்கு வந்தவ வேல முடிஞ்சும் நின்னா, நோவும் கூட நிக்கும்."

சேலை வைத்துக் கொடுப்பது ஊரில் உள்ளதுதான். தண்ணீர் குடிக்காத சட்டம் அக்காவே தனக்குப் போட்டுக்கொண்டதா, தெரியாது. ஆனால் அவர் அதைச் சாமி காரியம்போலக் கடைப்பிடித்தார்.

"இத்தன சேல இருக்கு, ஒண்ணையாவது கட்டலாம்லா?"

சேலைகளைப் பழையபடி அடுக்கினார். "போன்னு சொல்லிக் குடுத்தது. அத எப்படிம்மா ஒடம்புல சுத்திக்கிறது?"



சனி, ஞாயிறு ஆனால் இல்லத்துக்குப் பிறந்தநாள்காரர்கள் வருவார்கள். வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவது இங்கே வழக்கம். புண்ணியம்தான், குறை சொல்லவில்லை. பிரியாணி நன்றாகவே இருக்கும். ஆனால் கேக் வெட்டும்போது நாங்கள் சுற்றி நின்று கைதட்டிப் பாட வேண்டும், படத்துக்குச் சிரிக்க வேண்டும். முகம் தெரியாமல் இருக்க எங்கள் தலைமேல் பூப்பொம்மை ஒட்டி ஃபேஸ்புக்கில் போடுவார்கள். ஒரு படத்தில் என் முகம் சூரியகாந்தி. சிரித்தது வீண்.

அக்கா ஒரு படத்திலும் கிடையாது. அகப்பையோடு பரிமாறுகிற பக்கம் போய் நின்றுகொள்வார். வந்தவர்களோடு வந்தவர் மாதிரி, எங்கள் தட்டில் அவரே சோறு போடுவார்.

அப்படி நின்ற ஒரு நாள்தான் பூச்சோங் அம்மா வந்தார், மகள் பிறந்தநாளுக்கு. தலை நிறைய முடியோடு பிறந்த அதே பிள்ளை, இப்போது இரட்டைப் பின்னல் போட்டிருந்தது.

"அக்கா! நீங்களா? இங்க என்னா பண்றீங்க?"

"உதவிக்கு வந்திருக்கேம்மா." ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மகளை இழுத்து வந்து காட்டினார். பக்கத்தில் நின்ற கமிட்டித் தலைவரிடம், "எங்க பாப்பாவக் குளிப்பாட்டுனவங்க இவங்கதான். செம டிமாண்டு லா இவங்களுக்கு, புக் பண்ணாக் கெடைக்கவே மாட்டாங்க," என்றார். தலைவர் அக்காவை மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு சேலை கொடுத்தார்கள். அக்காவிடம் நீட்டியபோது கொதிக்கிற சட்டி கிட்டே வந்த மாதிரிப் பின்னால் நகர்ந்தார்.

"அவங்களுக்குக் குடும்மா. நான் உதவிக்கு வந்தவ."

அந்த மாதம்தான் அக்காவின் ஆறு மாதத் தவணை முடிகிறது.

பண்டமாரானில் இல்லத்துக்கு இன்னொரு வீடு இருந்தது. வயதானவர்கள், இனிமேல் எங்கும் போக முடியாதவர்கள் அங்கே காலமெல்லாம் இருக்கலாம். ஒரு படுக்கை காலியாகியிருந்தது. டீச்சர் அதை அக்காவுக்கென்றே மனத்தில் வைத்திருந்தார். ஆனால் கமிட்டி நேரில் கூப்பிட்டுக் கேட்கும். அவர்கள் முன்னால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

"ஒரே ஒரு வார்த்தக்கா," டீச்சர் கெஞ்சினார். "போக எடமில்லன்னு சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

நான் பயிற்சி கொடுத்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான். எனக்கு அதில் அனுபவம் உண்டு. தலையைக் குனிய வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும். அப்புறம் சொல்ல வேண்டும். நான் என் முறைக்கு அழுதேன், இரண்டு மாதம் நீட்டித்தார்கள். அழாமல் சொன்னவளுக்கு நீட்டித்து நான் பார்த்ததில்லை.

"சொல்லுங்கக்கா. எனக்குப் போக எடமில்ல."

"ஒனக்குத்தான் இங்க எடம் இருக்கேம்மா."

"ஐயோ, நீங்க சொல்லணும்க்கா!"

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பூண்டு உரிக்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் கீழே ஹாலில் கமிட்டி உட்கார்ந்தது. நாங்கள் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அக்கா, ஒங்களுக்குப் போறதுக்கு எடம் ஏதாச்சும் இருக்கா?"

சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் இல்லாம? ஆளாளுக்குக் கூப்புடுறாங்க. பூச்சோங் பொண்ணோட தங்கச்சிக்கு இது நெறமாசம். நான் இங்க சும்மா உதவிக்குத்தானே வந்தேன்."

"பாத்தீங்களா டீச்சர்," என்றார் தலைவர். "இதான் நமக்கு வேணும். சொந்தக் கால்ல நிக்கணும்."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். அப்படி ஒரு வார்த்தையைப் பிச்சைப் பாத்திரம்போல ஏந்தினால்தான் ஒருத்திக்குக் கட்டில் கிடைக்கும் என்று எவன் எழுதி வைத்தான்? அவருக்கு வீடில்லை என்பதை டெங்கில் அறியும், டீச்சர் அறிவார், அந்தத் தலைவர்கூடக் கொஞ்சம் யோசித்திருந்தால் அறிந்திருப்பார். ஆனாலும் அவர் வாயாலேயே வர வேண்டுமாம். பண்டமாரான் படுக்கை வேறொருவருக்குப் போனது. அக்கா பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். டீச்சர் கேட்டுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார்.

எனக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில், ஒரு வீட்டின் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. ஒருத்திக்குத்தான் அறை என்று வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். சரி என்றேன். எனக்கு யார் இருக்கிறார்கள் கூட்டி வர?

கூட வேலை செய்யும் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவ வார்டுக்கு வெளியே சொந்தக்காரர்கள் காத்திருக்கும் இடம். நாற்காலி வரிசையின் மூலையில் அந்தப் பையைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம் அக்காவை. யாரோ ஒரு கிழவிக்கு மைலோ ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"அக்கா!"

"வாம்மா. இங்க ஒரு பொண்ணுக்கு உதவிக்கு வந்திருக்கேன்."

"எந்தப் பொண்ணுக்கு?"

வார்டுக் கதவுப் பக்கம் மோவாயைக் காட்டினார். உள்ளே எத்தனையோ பெண்கள் இருந்தார்கள். வாசலில் காவல் நின்ற மலாய்க்கார ஜாகா, அந்த மக்சீக், அந்த அத்தை, ரொம்ப நல்லவர், தினமும் இங்கேதான் இருப்பார், யாருக்கோ சொந்தம் என்றார். பூச்சோங் அம்மாவின் தங்கைக்கு முன்கூட்டியே பத்திய நிலையத்தில் இடம் பிடித்துவிட்டார்கள். அக்காவுக்கு அது கமிட்டி கேட்ட அன்றே தெரியும். இதையும் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்தையே இரண்டாக்கியிருப்பேன். ஆனால் அக்காவிடம் கோபித்துப் பயனில்லை, வா என்று கூப்பிட்டாலும் வரமாட்டார். அதனால் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

"எனக்கு ஆப்பரேஷன் பண்ணியிருக்குக்கா. கர்ப்பப்பையில கட்டி. சமைக்க ஆளில்ல. உதவிக்கு வர்றீங்களா?"

என் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார்.

"எப்போ பண்ணாங்க?"

"போன வாரம்."

"போன வாரம் வயித்தக் கிழிச்சவ பஸ் ஏறி வந்து குதிகால் செருப்புல நிக்கிறா," என்றார். சொல்லிக்கொண்டே பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் எனக்கு நடந்த பத்தியம் பிள்ளை பெற்றவளுக்குக்கூட நடந்திருக்காது. பூண்டுக் குழம்பு, கருவாடு, மிளகு ரசம். ஐஸ் தண்ணீரைத் தொட்டால் கை மேலேயே அடி. எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினார். காலையில் நான் ஃபேக்டரி பஸ்ஸுக்கு ஓடும்போது, "பச்ச ஒடம்பு, பாத்துப் போ," என்பார். இரண்டு பேரும் பொய் என்று தெரிந்தே வாழ்ந்தோம். என் புருஷனோடு இருந்த காலத்தில் எனக்கு அவ்வளவு உண்மையான சாப்பாடு கிடைத்ததில்லை.

"யார் இது?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"உதவிக்கு வந்திருக்கேம்மா," என்றார் அக்கா.

ஆப்பரேஷன் என்றதும் அந்த அம்மா நம்பிவிட்டார். எத்தனை நாளுக்கு என்று மட்டும் கேட்டார். டாக்டர் ரொம்ப நாள் சொல்லியிருக்கிறார் என்றேன். அவரும் மூன்று பிள்ளை பெற்றவர். அக்காவின் குழம்பு வாசனைக்குப் பின்கட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் வாங்கிப் போவார்.

மாதங்கள் போயின. "ஒனக்குத் தேறிருச்சும்மா," என்று அக்கா அவ்வப்போது ஆரம்பிப்பார். உடனே நான் அடிவயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

"இல்லக்கா, இங்க இன்னும் வலிக்குது."

"அப்படியா? அப்ப இன்னும் கொஞ்ச நாளு பாப்போம்."

அவருடைய முகம் அந்த நேரத்தில் எப்படித் தெளியும் என்று எனக்குத்தான் தெரியும். நான் தீர்மானமாக இருந்தேன். என் ஆயுசுக்கும் அவருக்குச் சேலை வாங்கப் போவதில்லை. தட்டில் வைத்துக் கொடுத்தால்தானே கிளம்புவார்? துணிக்கடைப் பக்கம்கூட நான் அவரைக் கூட்டிப் போகவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது எண்ணெய் பாட்டில் பையிலிருந்து வெளியே வந்து ஜன்னலோரம் நின்றது. இல்லத்தில் இருந்த காலம் முழுக்க, தேய்த்து முடித்ததும் அது பைக்குள் போய்விடும். நான் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்துகொண்டேன். வாயைத் திறந்து கெடுத்துவிடக் கூடாது.

தீபாவளிக்கு முந்தின நாளும் எனக்கு வேலை இருந்தது. சாயங்காலம் வந்தேன். அறை கூட்டிப் பெருக்கியிருந்தது. அடுப்பில் குழம்பு மூடி வைத்திருந்தது, ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை. ஜன்னலோரத்தில் எண்ணெய்க் கறை மட்டும் வட்டமாக இருந்தது.

வீட்டுக்கார அம்மா முன்னால் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாங்களேம்மா. நான் மரியாதையாத்தான் வச்சுக் குடுத்தேன், தீபாவளிக்கு. லிட்டில் இந்தியாவுல வாங்குன சேல. வெத்தல, பாக்கு, பழம் எல்லாம் வச்சு. கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. பலகாரம் சாப்புடுங்கன்னேன், ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல."

ஓடினேன். ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, பஸ் நிலையத்துக்கு, டீச்சர் வீட்டுக்கு. அந்த நாற்காலி மூலையில் ஒரு குடும்பம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. ஜாகா மாறியிருந்தார், அவருக்கு எந்த மக்சீக்கையும் தெரியவில்லை. லிட்டில் இந்தியாவில் தீபாவளிக் கூட்டம். எல்லாப் பெண்கள் கையிலும் சேலைப் பை. பிறகும் பல ஞாயிறுகள் தேடியிருக்கிறேன். அக்காவை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

அன்று திரும்பி வந்தபோது வீட்டுக்கார அம்மா கேட்டுப் பக்கத்தில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளை பெற்றவர். பத்தியம் பார்க்க வந்தவர்களுக்கு மூன்று முறை சேலை வைத்துக் கொடுத்து அனுப்பியவர். தெரியாமல் கொடுத்தாரா, தெரிந்தே கொடுத்தாரா என்று கேட்கத்தான் நினைத்தேன். அவரே முந்திக்கொண்டார்.

"ஒனக்குத்தான் ஒடம்பு நல்லாயிருச்சே. இனிமே எதுக்கும்மா உதவிக்கு ஆளு?"

"இல்லம்மா. இன்னும் வலிக்குது," என்றேன்.

அந்த ஒரு தடவைதான் அவர் நம்பவில்லை.